போறதுக்கு முதல் ஒரு சொல்

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். எட்டு வருசமாக எங்கட சந்தியில் இருந்த டிஸ்பென்சரி டொக்டரிடம்தான் காட்டினவா. 2022இல், ஊரே பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில், ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு போனால் கதவு பூட்டு. பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார்: "டொக்டர் குடும்பத்தோட வெளியில போட்டார்."

போனது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த நெருக்கடியில் எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். கலைப்பீடத்துக் கன்ரீனில் இருந்து நாங்களும் பாஸ்போர்ட் கதைதான் கதைத்தோம். ஆனால் எட்டு வருச விபரமும் அவரிடமிருந்த கார்ட்டோடு போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது ஒரு பழைய மருந்துத் துண்டு.

அந்தத் துண்டைக் காட்டி அதே குளிசையைத் தொடர்ந்து வாங்கிக் கொடுத்தோம். சாமான் விலை ஏற ஏற, அம்மம்மா எங்களுக்குத் தெரியாமல் இரவுச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறா. குளிசை மட்டும் குறையவில்லை. ஒரு விடியக்காலை, உடம்பெல்லாம் வேர்த்து, எங்களையே அடையாளம் தெரியாமல் கிடந்தா. சீனி இறங்கிவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிறகு கோபத்தில் தேடி வாசித்தோம். ஒரு வைத்தியர் நோயாளியை விட்டு விலகுவதற்கும் முறை இருக்கிறது. வேறு வைத்தியரைத் தேடிக்கொள்ளப் போதிய கால அவகாசம் தந்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், சிகிச்சை கைமாற உதவ வேண்டும் என்கிறது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒழுக்கக்கோவை. பிரித்தானியப் பொது மருத்துவப் பேரவையோ, நோயாளி முறைப்பாடு செய்தார் என்பதற்காக மட்டும் அவரைக் கைவிடக்கூடாது என்றும் சொல்கிறது. விலகுவது குற்றமில்லை. நடுவழியில் இறக்கிவிட்டுப் போவதுதான் பிழை.

அதற்குப் பிறகு அம்மம்மா அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனா. அங்கே கொப்பி எங்கட கையிலேயே இருக்கும். போன வருசம் அங்கிருந்த டொக்டர் பிள்ளை சொன்னா: "அம்மா, அடுத்த மாசம் எனக்கு மாற்றம். இனி இவர்தான் உங்களைப் பார்ப்பார்." புது டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினா. கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதினா: எந்தக் குளிசை, ஏன் குறைத்தது, அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது. ஐந்து நிமிசம்கூட ஆகியிருக்காது. வெளியே சனம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு அம்மம்மா ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோனா. "போற இடத்தில நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை" என்றா. டொக்டர் சிரித்துக்கொண்டு வாங்கினா.

வரும் வழியில் பஸ்ஸில் அம்மம்மா பழைய டொக்டரைப் பற்றிக் கதைத்தா. எங்களைப்போல அவவுக்குக் கோபமில்லை. "அந்தப் பிள்ளையும் சொல்லியிருந்தா, ரெண்டு முருங்கைக்காய் குடுத்து அனுப்பியிருப்பன்" என்றா.

எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.