பால்மரக்காடு இல்லாத வரைபடம்



கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஆயினும், இவ்விடுமுறையில் என் மகன் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

'ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்' இரண்டாம் உலகப் போரின் வான்சண்டையைக் கணினியில் நிகழ்த்திக் காட்டும் விளையாட்டு. 2001-இல் வெளிவந்தது. 2006-இல் வந்த '1946' பதிப்புக்கு ஆர்வலர்கள் தாங்களே புதிய நிலப்பகுதிகளை அமைத்துச் சேர்க்கிறார்கள். அவன் எடுத்துக்கொண்டது 1941 டிசம்பர் மாதத்துக் கெடா, பினாங்கு, வட பேராக்.

முதலில் நிலத்தின் ஏற்றத்தாழ்வு வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு அளந்த உயரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சாம்பல் நிறப் படமாக்கினால் தாழ்நிலம் கருமையாகவும் மலை வெளுப்பாகவும் தெரியும். 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் அப்படத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டுப் போல இருந்தது. அடுத்து, எது காடு, எது வயல், எது நீர் என்று இன்னொரு படத்தில் நிறமிட வேண்டும்.

வரலாற்றுப் பாடம் இங்கேதான் தொடங்கியது. விண்ணோடம் கண்டது 2000-ஆம் ஆண்டின் நிலத்தை. பெடு ஏரி முடா நீர்ப்பாசனத் திட்டத்துக்காகப் பின்னாளில் உண்டானது; தெமெங்கோர் ஏரி 1970-களில் கட்டிய அணையால் வந்தது. இரண்டையும் வற்றச் செய்து, அடியில் கிடந்த பள்ளத்தாக்குகளை ஊகித்து வரைந்தான். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்துக்கு இங்கு வேலையே இல்லை. (பத்து நாள் பாடத்திட்டத்தில் நான் சொல்லித்தர முடியாததை இப்பையன் ஏரியை அழித்தே கற்றுக்கொண்டான்!)

விமானத் தளங்களை மிக நுணுக்கமாக அமைத்திருந்தான்: அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த். 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து தன் பிளென்ஹைம் விமானத்தில் தனியே சிங்கோரா நோக்கிப் பறந்து, படுகாயத்துடன் அலோர் ஸ்டாரில் இறங்கி உயிர்நீத்த ஆர்தர் ஸ்கார்ஃபின் கதையை எனக்கே அவன்தான் சொன்னான்.

ஆனால் சுங்கை பட்டாணியைச் சுற்றி எல்லாம் ஒரே பச்சைக் காடு.

"இங்கே தோட்டங்கள் எங்கேடா?" என்றேன்.

"மேலிருந்து பார்த்தால் எல்லாம் மரம்தானே, அப்பா?"

வரிசை பிடித்து நட்ட பால்மரமும் தானாக வளர்ந்த காடும் மேலிருந்து பார்த்தாலும் ஒன்றல்ல. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் நம்மவர். போர் தொடங்கியபின் அவர்களில் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதவர் எத்தனையோ. அவர்கள் குடியிருந்த நிலத்தைக் காடென்று நிறமிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "லயங்களை வைத்தால் விளையாடுகிறவர்கள் அவற்றின்மேலும் குண்டு போடுவார்களே, அப்பா. நான் வைப்பதையெல்லாம் உடைக்கலாம்" என்றான்.

நியாயமான கேள்விதான். என் பாட்டியின் வீட்டை எவனோ ஒருவன் பொழுதுபோக்காகத் தகர்ப்பதை நானும் விரும்பவில்லை. ஆனால் 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது விழுந்த குண்டுகளும் ஆள் பார்த்து விழவில்லை. காலிக் காட்டின்மேல் பறப்பவனுக்குக் கீழே எவரும் இருந்ததாகவே தெரியாமற் போய்விடும். வை என்றேன்.

விளையாட்டோடு வரும் வீடுகளில் லயம் கிடையாது. ஆகவே நான் தாளில் வரைந்து கொடுத்தேன்: நீண்ட தகரக்கூரை, வரிசையாகக் கதவுகள், எதிரே தண்ணீர்க் குழாய், சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில். இப்போது அவன் அதை முப்பரிமாணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறான். நேற்றிரவு கோயில் வாசல் எந்தத் திசை என்று கேட்டான். கிழக்கு என்றேன். அவன் அம்மா வடக்கு என்கிறாள். அவள் வளர்ந்த தோட்டத்தில் அப்படித்தானாம்.