ராஜினாமாவுக்கும் ஒரு தேதி உண்டு

ஸ்டுட்கார்ட்



இந்த வாரம் ஒருநாள் இரவு, கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் பதற்றத்தோடு போன் செய்தார். இங்கே கார் பாகங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் இருப்பவர். மதியம் மேலாளரோடு வாக்குவாதம் முற்றி, இருந்த கோபத்தில் ‘வேலையை விடுகிறேன்’ என்று எச்.ஆருக்கு ஈமெயில் தட்டிவிட்டார். சாயங்காலம் பதில் வந்துவிட்டது: ஈமெயிலில் அனுப்பிய ராஜினாமா செல்லாது, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“அண்ணா, இப்ப நான் வேலைல இருக்கறேனுங்களா, இல்லீங்களா?” என்றார்.

“இருக்கீங்க தம்பி. நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. சனிக்கிழமை உட்கார்ந்து பேசலாம்” என்றேன். இந்த நாட்டுச் சட்டத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று இரவு இன்னும் கொஞ்சம் கூடியது.

ஜெர்மனியின் சிவில் சட்டம் 1900 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அதில் 623-வது பிரிவு பின்னால், 2000-ல் சேர்ந்தது. வேலையை விட்டு நீங்குவதானாலும் நீக்குவதானாலும் எழுத்தில், மையால் போட்ட கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது அது. ஈமெயில், வாட்ஸ்அப், ஸ்கேன் செய்த பிரதி எதுவும் செல்லாது. முதலாளி ஆத்திரத்தில் ‘நாளையிலிருந்து வராதே’ என்று கத்தினாலும் வேலை போகாது. தொழிலாளி ஆத்திரத்தில் ‘போய்யா’ என்றாலும் வேலை போகாது. தாளை எடுத்து, தேதி எழுதி, பெயரெழுதிக் கையெழுத்திட்டு, கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும். மிச்சமிருக்கும் பாதிதான் உண்மையான காரணம்.

அந்தத் தாள் கம்பெனி கையில் சேரும் நாளுக்கும் கணக்கு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் வரை தகுதிகாண் காலமாக வைக்கலாம். அதில் இரண்டு வார நோட்டீஸ் போதும். அதன் பிறகு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், நான்கு வாரம். ஆனால் அந்த நான்கு வாரம் மாதத்தின் 15-ம் தேதியிலோ கடைசித் தேதியிலோ போய் முடிய வேண்டும். ஏப்ரல் 2-ம் தேதி கடிதம் சேர்ந்தால் ஏப்ரல் 30-ஓடு விடுதலை. 3-ம் தேதி சேர்ந்தால் மே 15 வரை வேலை பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாள் பிந்தினால் இரண்டு வாரம் கூடிப்போகும். அதனால்தான் இங்கே விஷயம் தெரிந்தவர்கள், ஒரு சாட்சியைக் கூட வைத்துக்கொண்டு கடிதத்தை எச்.ஆர். கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

கம்பெனிக்கு அந்தச் சட்டம் இன்னும் கறார். இரண்டு வருடம் வேலை பார்த்தவரை அனுப்ப ஒரு மாத நோட்டீஸ். பத்து வருடம் என்றால் நான்கு மாதம். இருபது வருடம் என்றால் ஏழு மாதம். தொழிலாளியின் நோட்டீஸ் காலம் முதலாளியுடையதைவிட நீளமாக இருக்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலையை விட்ட பிறகு பணிச் சான்றிதழ் கேட்பது சட்டப்படியான உரிமை. கொடுக்காவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இதைப் படிக்கும்போது சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். மூன்று மாத நோட்டீஸ், பாண்ட், ‘பைஅவுட்’ பணம், எல்லாம் முடித்த பின்னும் ரிலீவிங் லெட்டருக்காக எச்.ஆருக்கு மெயில்மேல் மெயில். ரிலீவிங் லெட்டர் இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள் என்பது எச்.ஆருக்கும் தெரியும். அந்தத் தாளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மனிதனை மிரட்டுவது எந்த ஊர் நியாயம்?

சனிக்கிழமை தம்பி வந்தார். மனைவி, கைக்குழந்தையோடு வந்தார். காபி குடித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலைப்பளு அதிகமில்லை. மேலாளர் ஐந்து மீட்டர் தள்ளித்தான் உட்கார்கிறார். ஆனால் இவரிடம் வாயைத் திறப்பதில்லை, கணினியில் வேலை ஒதுக்கும் டிக்கெட்டில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார். இவர் எழுதிய நிரலை இன்னொருவர் பெயரில் கூட்டத்தில் காட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது, ராத்திரி தூக்கமில்லை. “பையன் அழுதாலே எரிஞ்சு விழறாருங்க. இவர் இப்படி இல்லீங்க” என்றார் அவர் மனைவி.

விட முடியாததற்கும் காரணங்கள் வரிசையாக இருந்தன. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் வாங்கிய ஃபிளாட்டுக்கு மாதத் தவணை. ப்ளூ கார்டு விசா. வேலை போனால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், குறுகிய அவகாசத்தில் அடுத்த வேலை தேட வேண்டும். போதாக்குறைக்கு இந்த வட்டாரத்தின் கார்த் தொழிலே ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் போஷ் நிறுவனம் 13,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. எல்லாவற்றுக்கும் மேல், ‘பையன் ஜெர்மனியில இருக்கான்’ என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கும் அப்பா.

இந்த நாட்டின் மேல் எனக்குக் கோபம் வருகிற இடமும் இங்கேதான் இருக்கிறது. வேலையின்மைக் காப்பீட்டுக்காகத் தம்பியின் சம்பளத்தில் 1.3 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே அளவு கட்டுகிறது. வேலை போனால் முன்பு வாங்கிய நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு முதல் 12 வாரம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. அதோடு, மொத்தம் கிடைக்க வேண்டிய காலத்திலும் குறைந்தது கால் பங்கு வெட்டு. 12 மாதம் வாங்க வேண்டியவருக்கு ஒன்பது மாதம்தான்.

தக்க காரணம் இருந்தால் இந்தத் தண்டனை கிடையாது என்கிறார்கள். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். உடம்பு கெடுகிறது என்றால், ராஜினாமாவுக்கு முன்பே டாக்டரிடம் போய் அவர் அறிவுரையை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். துன்புறுத்தல் என்றால், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று குறித்திருக்க வேண்டும். கம்பெனியிடம் முறையிட்டுப் பார்த்திருக்கவும் வேண்டும். ஐந்து மீட்டர் தள்ளி இருப்பவர் பேசாமலே ஒருவரைப் புழுங்க வைப்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? நிரூபிக்க முடியாத துன்பத்துக்கு இவர்கள் சட்டத்தில் இடமில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு நம்மூர் பெரிதாகத் தெரிகிறது. என் சித்தப்பா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தார். பஞ்சுத் தூசியில் இருமி இருமி ஒருநாள், “இனி என்னால முடியாது” என்று வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. தாத்தா இரண்டு எருமைகளைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் கட்டினார். அத்தை தன் பெயரில் மளிகைக் கடைக் கணக்கைத் திறந்துவிட்டாள். சித்தப்பா அடுத்த வேலை தேடிக்கொள்ளும் வரை அந்த வீட்டில் ஒரு வேளைகூட அடுப்பு அணையவில்லை. எந்த அரசாங்கக் காப்பீடும் இதற்கு இணையாகாது. இதை எந்த ஜெர்மானியரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஆனால் அதே குடும்பங்கள் இன்று, பிள்ளை வெளிநாட்டிலிருந்து ‘முடியலைப்பா’ என்றால், ‘கொஞ்சம் பொறுத்துக்கோ, எல்லா இடத்துலயும் அப்படித்தான்’ என்கின்றன. எருமை கட்டிக்கொடுத்த கை எங்கே போயிற்று?

தம்பியிடம் நான் சொன்னது இது. வேலையை விடலாமா என்பதை உங்கள் உடம்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. எப்போது, எப்படி என்பதை மட்டும் நிதானமாகத் தீர்மானியுங்கள். முதலில் குடும்ப டாக்டரைப் பாருங்கள். அவர் நோய் விடுப்பு எழுதினால் ஆறு வாரம் வரை கம்பெனி முழுச் சம்பளம் தர வேண்டும். தூங்கி எழுந்த மூளையோடு யோசிக்கலாம். நடப்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தவணை உட்பட மாதச் செலவைக் கூட்டி, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். இன்றிலிருந்தே வேறு வேலைக்கு விண்ணப்பியுங்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். கையிருப்பு தீரும் முன் ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதற்குள் புது வேலை கிடைக்காவிட்டால், டாக்டரின் எழுத்தோடு கடிதம் கொடுத்துவிட்டு உடனே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தேதிக்கு மேல் ஒரு நாளும் அங்கே இருக்காதீர்கள்.

தேதி குறித்த பிறகு அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கஷ்டமான வேலையைக்கூட, முடிவு தெரிந்தால் மனிதன் தாங்கிவிடுவான். முடிவில்லாமல் நீளும் வேலைதான் ஆளைத் தின்கிறது. ரோஷத்தில் விடுவது குடும்பத்தைக் கெடுக்கும். பயத்தில் விடாமலிருப்பது ஆளையே கெடுக்கும்.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை ஒருநாள் போன் செய்து, “இந்த வேலை வேண்டாம்ப்பா” என்றால், ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். “கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு, நாங்க எவ்வளவு போடணும்?” என்று கேளுங்கள்.