சூளையில் உருகிச் சேரும் கண்ணாடித் தட்டுகள்

சூளைக் கண்ணாடித் தட்டுக்கு ஊதுகுழல் தேவையில்லை. சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வண்ணக் கண்ணாடிகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மின்சூளையில் வைப்பார்கள். 800 டிகிரி செல்சியஸ் அளவில் அவை இளகி ஒரே பலகையாகிவிடும். வெட்டிய விளிம்பின் கூர்மை மழுங்கி உருண்டுவிடும். அந்தப் பலகையைக் குழிவான சுட்ட களிமண் அச்சின்மேல் வைத்து, 650 டிகிரியை ஒட்டி மறுபடி சூடேற்றினால், தன் எடையாலேயே தொய்ந்து தட்டாகிறது.

உண்மையான பொறுமை ஆறவிடுவதில்தான். ஏறத்தாழ 500 டிகிரியில் நிறுத்திவைத்து, பிறகு மணிக்கணக்கில் மெல்லக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் விரிசல்தான். சூட்டில் விரியும் அளவு ஒத்துப்போகாத கண்ணாடிகளைச் சேர்த்தாலும் அதே கதி. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1974-இல் தொடங்கிய புல்சை நிறுவனம், ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்த கண்ணாடிகளுக்குப் பெயர் பெற்றது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஜன்னல் கண்ணாடியையும் பாட்டில் துண்டையும் கலந்து சுட வேண்டாம்.