பரங்கிப்பேட்டை இரும்பு

தாம்பரத்திலிருந்து விழுப்புரம், கடலூர் வழியே தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. மஹ்மூது பந்தர் என முஸ்லிம்கள் அழைத்த இத்துறைமுக ஊரில், 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புத்தாதும் காட்டு மரக்கரியும் அதற்கு இரையாயின. ஆயினும் ஆலை நட்டமுற்று, அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது.

தாயகம் திரும்பிய ஹீத், மாங்கனீசு சேர்த்து எஃகு உருக்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு நகரத்து எஃகு உலைகள் அம்முறையால் பெரும்பயன் அடைந்தன. அந்நகரின் அபேடேல் பட்டறையில், ஓடைநீர் சக்கரத்தைச் சுழற்ற, பெருஞ்சம்மட்டிகள் எழுந்து விழுந்து புல்லறுக்கும் நீள்பிடி அரிவாள்களை வடித்தன. 1970 முதல் அது அருங்காட்சியகம். சக்கரங்களும் உலையும் இன்றும் பேணப்படுகின்றன.

இரும்பின் பெயராலேயே அமைந்த 'அல்ஹதீத்' அத்தியாயத்தை ஓதும் நாம், பரங்கிப்பேட்டை உலையின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா? அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம், இன்ஷா அல்லாஹ்.