எட்டு வினாடி வாழ்வு

அடைப்பின் கதவு திறந்ததும் காளை அரங்கினுள்ளே பாய்கின்றது. அதன் முதுகில் இருப்பவன் ஒரு கையால் மட்டுமே கயிற்றைப் பற்றலாம். மற்றக் கை காளையின் உடலைத் தொட்டுவிட்டால் அவன் முயற்சி செல்லாததாகிவிடும். எட்டு வினாடி அவன் நிலைத்திருத்தல் வேண்டும். நிலைத்தால் நடுவர் புள்ளியிடுவர்: பாதி அவன் திறமைக்கு, பாதி காளையின் துள்ளலுக்கு. அதற்குள் விழுந்தாலோ, எதுவுமில்லை. றோடியோ எனப்படும் அமெரிக்க விளையாட்டின் மிகக் கடுமையான போட்டி இதுவேயாகும்.

விளையாட்டாக இன்று தோன்றும் இது தொழிலிலிருந்து பிறந்தது. சுற்றிவளைத்தல் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லடியாகவே றோடியோ என்ற பெயரும் வந்தது. 1860களின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ரெக்சாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளைத் தொலைதூரப் புகையிரத நிலையங்களுக்கு ஓட்டிச் சென்ற கூலியாட்களே கௌபோய்கள். அவர்களுள் கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் பலர். புகையிரதப் பாதைகள் நீண்டன; 1874இல் காப்புரிமை பெற்ற முட்கம்பி மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டு அடைத்தது. தொழில் சுருங்கியது, அதன் நிழல் மட்டும் வளர்ந்தது.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நிழல் அமெரிக்க வீடுகள்தோறும் புகுந்தது. 1958-59ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட முதல் மூன்று தொடர்களும் கௌபோய் உலகத்துக் கதைகளே. தென் டக்கோற்றாவைச் சேர்ந்த குதிரையோட்ட வீரர் கேசி ரிப்ஸின் படம் 1951இல் ‘லைஃப்’ சஞ்சிகையின் அட்டையை அலங்கரித்தது. எவருக்கும் கட்டுப்படாதவன், எவர் துணையும் வேண்டாதவன், தனியன் என்பதே மக்கள் மனத்திற் பதிந்த கௌபோயின் வடிவம்.

அரங்கின் பின்புறத்து உண்மையோ வேறு. அங்கே ஓட்டுநனுக்குச் சம்பளம் இல்லை. போட்டியில் இறங்குவதற்கே அவன் கட்டணம் செலுத்தல் வேண்டும். வென்றாற் பரிசு, தோற்றால் கட்டணமும் நட்டம். எலும்பு முறிந்து படுத்திருக்கும் நாள்களுக்கு வருவாய் ஏது? 1949க்கும் 1959க்கும் இடையில் பதினாறு உலக விருதுகளை வென்ற ஜிம் ஷோல்டர்ஸ் போன்றோர் மிகச் சிலரே.

இந்நிலையில் 1936ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் நிகழ்ந்தது கருதத்தக்கது. தாம் செலுத்தும் கட்டணங்கள் பரிசுத் தொகையுடன் சேர்க்கப்படவேண்டும் எனக் கேட்டு அறுபத்தொரு பேர் கையொப்பமிட்டுப் போட்டியிலிருந்து வெளியேறினர். அவர்கள் கோரிக்கை வென்றது; ஒரு சங்கமும் பிறந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கௌபோய் ஆமைகள் சங்கம்’. ஒன்றுசேர ஆமைபோல் நெடுநாள் தாமதித்தோம், ஆயினும் இறுதியிற் கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்பது அதன் உட்பொருள். உறுப்பை உள்ளிழுத்து அடங்கும் ஆமையையே உவமையாகக் கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு இவ்வாமை புதியது. 1945இல் அச்சங்கம் பெயர் மாறியது; 1959இல் நாடளாவிய இறுதிப் போட்டி டலஸ் நகரில் முதன்முறையாக நடைபெற்றது.

கழுத்தை நீட்டியவர்கள் வேறு சிலருமுளர். 1948இல் ரெக்சாஸில் முப்பத்தெட்டுப் பெண்கள் கூடித் தமக்கெனச் சங்கம் கண்டனர். ஓடும் காளையைக் கொம்பிற் பிடித்து வீழ்த்தும் போட்டியை உலகறியச் செய்தவர் பில் பிக்கெற் என்னும் கறுப்பின வீரர். அவர் 1932இல் மறைந்தார். ஆயினும் காளையோட்டத்தில் உலக விருது கறுப்பினத்தவர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிட்டியது 1982இலேதான். அன்று அதனை வென்றவர் சார்ளி சாம்ப்சன்.

திரை காட்டிய தனியனைப் பார்த்து மக்கள் ஆரவாரித்தனர். ஆனால் அரங்கில் விழுந்து எழுந்தவனுக்கு உரிய பங்கைப் பெற்றுத் தந்தது அவனது தனிமையன்று. அருகில் நின்று கையொப்பமிட்ட அறுபது பேருடைய துணையே. காளையின் முதுகில் எட்டு வினாடியும் அவன் தனியனே. இறங்கிய பின்னுள்ள வாழ்நாளுக்கு மற்றவர் வேண்டும்.