"ஒழுகல சார், ஒழுகாம இருக்கத்தான்"

1/
ஜெர்மனில இருக்கிற என் காலேஜ் நண்பன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். சுத்தி பாதுகாக்கப்பட்ட காடு, நடுவுல ஒரு பழைய கோட்டை. பேரு எல்ட்ஸ். 850 வருஷத்துக்கு மேல ஒரே குடும்பத்தோட கையில இருக்காம். "நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இருக்காடா?"ன்னு கேட்டிருந்தான்.

2/
நெல்லைக்காரனுக்கு இது கொஞ்சம் சுருக்குனு குத்துற கேள்வி. பாளையங்கோட்டைன்னு பேர்லயே கோட்டை இருக்கு. ஆனா அந்தக் கல்கோட்டையில மிஞ்சினது வாசல் பகுதிகள்தான். பாஞ்சாலங்குறிச்சியில இப்ப நீங்க பாக்குறது 1974-ல அரசு கட்டின நினைவுக்கோட்டை.

3/
ஆனா நெல்லையில இருந்து ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு இருக்கு. தக்கலை பக்கத்துல, வேளிமலை அடிவாரத்துல பத்மநாபபுரம் அரண்மனை. சுத்தி கல்மதில், பின்னால மலைக்காடு, உள்ள பெரும்பாலும் மரம். 1601 வாக்குல ஆரம்பிச்சு, மார்த்தாண்ட வர்மா காலத்துல பெருசாச்சு. 1956-ல குமரி தமிழ்நாட்டோட சேர்ந்தாலும், அரண்மனையப் பராமரிக்கிறது இன்னிக்கும் கேரளத் தொல்லியல் துறை.

4/
அப்பாவக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வருஷம் முன்னால பக்கவாதம் வந்தவர். வலது கை இன்னும் முழுசாத் தேறல. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். கண்ணாடி மாதிரி கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டதுன்னு சொன்னாங்க. பூமுகத்துல அண்ணாந்து பாத்தா மர மச்சுல 90 விதமான பூ. அப்பா ஒவ்வொரு தூணையும் இடது கையால தடவிப் பாத்துட்டே வந்தார்.

5/
மாடியில ராஜாவோட கட்டில். 64 வகை மூலிகை மரத்துல செஞ்சதுன்னு சொல்வாங்க. "எய்யா, இதுல ரெண்டு நாள் படுத்தா என் கை சரியாயிருமோ?"ன்னார் கிண்டலா. "பிசியோதெரபிக்கு ஒழுங்கா வந்தா சரியாகும்பா"ன்னேன்.

6/
வெளிய ஒரு கூரையில ரெண்டு பேர் ஓட்டப் பிரிச்சு அடுக்கிட்டு இருந்தாங்க. அப்பா திண்ணையில உக்காந்து அதையே பாத்தார். கல்லிடைக்குறிச்சியில எங்களுது ஓட்டு வீடு. சாரல் ஆரம்பிக்கும் முன்னால வருஷா வருஷம் அவரே ஏறி ஓடு மாத்துவார். "மழைக்கு ஒழுகுதா?"ன்னு கேட்டார். மேல இருந்து பதில் வந்துச்சு: "ஒழுகல சார். ஒழுகாம இருக்கத்தான்."

7/
அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "மாத்திரைய நிறுத்தியிருக்கக் கூடாது, என்ன?"ன்னார்.

8/
அவருக்கு பிபி இருந்துச்சு. நாலு வருஷம் மாத்திரை போட்டார். அளவு நார்மலாச்சு. "நல்லாத்தான இருக்கேன்"னு யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டார். எட்டு மாசத்துல பக்கவாதம். தினமும் ஓபியில வர்றவங்ககிட்ட எல்லாம் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு கேக்குறவன் நான். வீட்டுல ஒரு தடவை கூடக் கேக்கல.

9/
மாத்திரை போடும்போது பிபி நார்மலா இருக்குன்னா, நோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, தலை சுத்தாது. உத்தரத்துல கரையான் மாதிரி மூளை, இதயம், கிட்னி, கண்ணுனு சத்தமில்லாம அரிக்கும். மாத்திரையக் குறைக்கணும்னாலோ, ஒத்துக்கலன்னாலோ டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

10/
ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சுகர் மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து தர்றாங்க. திடீர்னு வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, காலையில பாத்துக்கலாம்னு படுக்க வைக்காதீங்க. உடனே 108. ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசிக்கு அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

11/
நண்பனுக்குப் பதில் போட்டுட்டேன்: "இருக்குடா. லீவுல வா, போவோம். திங்கக்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனைக்கு லீவு."

நீங்க இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்ட கையோட, "மாத்திரை போட்டீங்களா?"ன்னும் கேளுங்க.