சாங்கியில் கிளிகளின் அந்திப் பெரட்டு

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் தேக்காவைச் சுற்றுகிறார்கள், சாமான் வாங்குகிறார்கள், மூட்டையோடு பாலத்தைக் கடந்து வீடு திரும்புகிறார்கள். கிளி வளர்க்கும் வாசகர்களே, அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு மாலைப் பொழுதைச் சாங்கி கிராமத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பஸ் கட்டணமும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும்தான் செலவு. உங்கள் வீட்டுக் கூண்டில் இருப்பவர் இத்தனை நாளாக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அங்கே விளங்கிவிடும்.

தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கி, சாங்கி பக்கம் போகும் 2ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். கடைசி நிறுத்தம் சாங்கி கிராமம்தான். பெயரில்தான் கிராமம். பக்கத்திலேயே உணவங்காடி, அதைத் தாண்டினால் புலாவ் உபினுக்குப் படகு போகும் துறை, தலைக்கு மேலே விமானங்கள். மாலை ஆறரைக்குள் போய்ச் சேருங்கள். அங்கே ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். குடை ஒன்று கையில் இருக்கட்டும். மழைக்கு அல்ல! மரத்தடியில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

முதலில் இரண்டு மூன்று வரும். அப்புறம் பத்து, இருபது. பிறகு திசைக்கொரு கூட்டமாக, பச்சை அம்புகளைப் போலப் பாய்ந்து வந்து மரங்களில் விழும். நூற்றுக்கணக்கான கிளிகள் ஒரே நேரத்தில் கத்தினால் எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழாது. பெரும்பாலானவை செம்மார்புக் கிளிகள். முகத்தில் மீசை வைத்தது போலக் கறுப்புப் பட்டை இருக்கும். ஆணுக்கு மேலலகு சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. இவை சிங்கப்பூரின் சொந்தப் பறவைகள் அல்ல. வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டு, கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள். நம் தோட்டங்களில் செம்பனைப் பழத்தைக் கொத்தித் தின்னும் நீண்டவால் கிளி வேறு. ரோஜா நிறக் கன்னம் கொண்ட அதுதான் இந்த மண்ணுக்கு உரியது.

ஏன் இப்படிக் கத்துகின்றன? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் கிராணி பேர் கூப்பிடுவார். "இருக்கேங்க!" என்று பதில் வரும். கிளிகளுக்கு அந்தியிலும் பெரட்டு, விடியலிலும் பெரட்டு. பகலெல்லாம் பிரிந்து இரை தேடியவை இருட்டுமுன் ஒன்று கூடி, 'நான் வந்துவிட்டேன், நீ எங்கே?' என்று கூப்பிட்டுக்கொள்கின்றன. பதில் வந்தால்தான் நிம்மதி.

இப்போது உங்கள் வீட்டு அஞ்சடியில் தொங்கும் கூண்டை நினைத்துப் பாருங்கள். தினமும் ஆறரை மணிக்கு அது காது கிழியக் கத்துகிறதா? 'திமிர்' என்று சொல்லிக் கூண்டைத் தட்டுகிறோம், மேலே துணியைப் போட்டு மூடுகிறோம். அது பேர் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். பதில் சொல்ல இன்னொரு கிளி இல்லை. நீங்கள் சொல்லுங்களேன்! அடுப்படியில் இருந்தபடியே ஒரு சீட்டி அடித்தால் போதும். தினமும் ஒரே மாதிரி சீட்டியாக இருக்கட்டும். பதில் கிடைக்கும் கிளியின் கூச்சல் சில வாரங்களில் நன்றாகத் தணியும். பதிலே கிடைக்காமல் தனித்துக் கிடக்கும் கிளி சில சமயம் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். மார்பு மொட்டையாகி நிற்கும் கிளியைப் பார்த்து 'இறகு உதிர்காலம்' என்று தேற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. உதிர்காலத்தில் தலை இறகும் உதிரும். தன் தலையைத் தானே கொத்த எந்தக் கிளியாலும் முடியாது. ஆகவே தலை மட்டும் அழகாக இருந்து உடம்பு மட்டும் மொட்டையானால், பெரும்பாலும் அது அதன் அலகின் வேலை. தோல் நோயாலும் அப்படி நேரலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மரத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்று தலைகீழாகத் தொங்கும். இன்னொன்று இணையின் கழுத்து இறகைக் கோதிவிடும். கோதிவிடச் சொல்லும் கிளி தலையைக் குனிந்து பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டும். வீட்டில் உங்களிடம் அப்படிக் குனிந்தால், 'கொஞ்சம் சொறிந்துவிடு' என்று பொருள். ஆனால் இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு விறைத்திருந்தால் பயம். கண்ணின் கருமணி சட்சட்டென்று சுருங்கி விரிந்தால் உள்ளே ஏதோ பொங்குகிறது. அது குஷியாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். கூடவே வாலை விசிறி போல விரித்தால் விரலை எடுத்துவிடுங்கள்.

விரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கிளிக்கு அலகு மூன்றாவது கால். கொம்பு தாவும்போது முதலில் அலகால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கும். பிள்ளைகள் நீட்டிய விரலையும் அப்படியே பிடித்துப் பார்க்கும். 'ஐயோ, கடிக்குது!' என்று கையை வெடுக்கென்று இழுத்தால், ஆடும் கொம்பை நம்பாதது போல அந்தக் கையையும் அது நம்பாது. அடுத்த முறை உண்மையாகவே கடிக்கும்.

உண்ட இரையைக் கக்கி உங்கள் கையில் வைத்தால் அருவருக்க வேண்டாம். இணைக்கு ஊட்டும் பாசம் அது. தூங்குமுன் அலகைக் கறகறவென்று அரைப்பதும், ஒற்றைக் காலில் நிற்பதும் மனநிறைவின் அடையாளங்கள். ஆனால் பட்டப்பகலில் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்கினாலோ, நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கழுகுக்கும் பாம்புக்கும் பயந்து வாழும் இனம் அது, நோயை வெளியே காட்டாது. நம் கண்ணுக்குத் தெரியும்போதே நோய் முற்றியிருக்கும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கிளி ஜோசியத்தை விட்டுவிட முடியுமா? சிராங்கூன் சாலை ஜோசியக் கிளி மணி 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்தின்போது ஊரெல்லாம் பேசப்பட்டது. இறுதி ஆட்டத்துக்கு அது நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது. வென்றதோ ஸ்பெயின். கிளியைக் குறை சொல்லாதீர்கள். சீட்டை எடுத்தால் நெல் கிடைக்கும் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஜோசியம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு குஞ்சைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று பையன்கள் கேட்பார்கள். கூடாது. மலேசியாவிலும் நம் காட்டுக் கிளிகளை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏழேகாலைத் தாண்டியதும் கூச்சல் குறையத் தொடங்கும். இடம் பிடிக்கும் சண்டை ஓயும். நன்றாக இருட்டியபின் அத்தனை கிளிகளும் அந்த மரங்களில்தான் இருக்கின்றன என்று சொன்னால் புதிதாக வருபவர் நம்பமாட்டார். விடியும்வரை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அவற்றுக்கு இருட்டும் அமைதியும் கிடைக்கும். நம் வீட்டுக் கிளியோ ராத்திரி பதினொன்று வரை தொலைக்காட்சி நாடகம் பார்த்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு நம்மோடு எழுந்து, பகலெல்லாம் சிடுசிடுக்கிறது. விளக்கு வைத்த பிறகு கூண்டை ஆள் நடமாட்டமில்லாத உள்ளறைக்கு மாற்றுங்கள். அடுப்புப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது, அதனால் சமையல்கட்டு மட்டும் வேண்டாம்.